செக் டாங்கிகளும் மட்டக்களப்புத் தரையும்

இலங்கை இராணுவம் தனக்கென்று யுத்த டாங்கிகளை முதன்முதலாக வாங்கியது 1991இல். சுதந்திரத்துக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் டாங்கி இல்லாமலே இருந்த படை அது. வந்தவை சோவியத் வடிவமைப்பான ரி-55 டாங்கிகள். ஆனால் அவற்றை விற்ற நாடு சோவியத் ஒன்றியமன்று. மத்திய ஐரோப்பாவின் செக்கோஸ்லோவாக்கியா. சக்கர வண்டிகளோடு திருப்தியாக இருந்த படைக்குச் சங்கிலிச் சில்லு டாங்கிகள் ஏன் தேவைப்பட்டன, அவற்றை விற்க ஐரோப்பிய நாடொன்று ஏன் முன்வந்தது என்ற இரண்டு கேள்விகளிலும் இந்தக் கொள்வனவின் வரலாறு அடங்கியிருக்கிறது. மூன்றாவது கேள்வியும் உண்டு. வாங்கிய ஆயுதங்களின் பாரம் யார் மீது இறங்கியது என்பது அது. மட்டக்களப்பு வாவியை அண்டிய செங்கலடி போன்ற ஊர்களைப் பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

1949இல் இலங்கைத் தரைப்படை உருவானபோது அதன் தளபாடம், பயிற்சி, கட்டளை முறை எல்லாம் பிரித்தானியாவிலிருந்து வந்தன. 1955இல் தொடங்கப்பட்ட வேவுப் பிரிவே பிற்காலக் கவசப் படையணியின் வேர். அதற்குக் கிடைத்தவை டெய்ம்லர் கவச வண்டிகள். பின்னர் ஃபெரட், சலடின், சரசன் ஆகியன சேர்ந்தன. 76 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டிய ஆறு சில்லு சலடின்தான் அவற்றில் வலுவானது. வெளிநாட்டுப் படையெடுப்பை எதிர்பாராத தீவுக்கு இவை போதுமென்று கருதப்பட்டது. இவற்றின் உண்மையான வேலை எல்லையில் இருக்கவில்லை. வேலைநிறுத்தம், இனக்கலவரம், அவசரகாலச் சட்டம் என்று தலைநகரிலும் பெருவீதிகளிலும்தான் இருந்தது. 1962 ஜனவரியில் தோல்வியுற்ற சதிப்புரட்சித் திட்டத்திலும் கொழும்பின் முக்கிய சந்திகளில் கவச வண்டிகளை நிறுத்தும் யோசனை இருந்தது. நாட்டின் சொந்த அரசியலுக்குள்ளேயே கவசம் சுழன்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தபோது அரசு எல்லாத் திசைகளிலும் உதவி கேட்டது. பிரித்தானியா, இந்தியா, பாகிஸ்தான், சோவியத் ஒன்றியம், யூகோஸ்லாவியா என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாடுகளும் உதவின. சோவியத் பிரிஆர்-152 துருப்புக்காவி வண்டிகள் அப்படித்தான் இராணுவத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரே விநியோகரை நம்பியிருந்த படை பலரிடமும் கை நீட்டப் பழகியது அந்த ஆண்டில்தான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவிடம் போகத் தயக்கம் இருக்கவில்லை என்றால் அதற்கான பழக்கம் 1971இல் உண்டானது.

1983க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் போர் பரவியபோது இராணுவத்தை முதலில் தடுமாறவைத்தது கண்ணிவெடி. தட்டையான அடித்தளம் கொண்ட ஜீப்பும் லொறியும் வெடிக்கு எளிதில் இரையாயின. இதற்கு மருந்தாகத் தென்னாபிரிக்காவின் பஃபல் வண்டி வாங்கப்பட்டது. அதன் அடிப்பகுதி ஆங்கில வி எழுத்தின் வடிவிலானது. வெடியின் விசையை இரு பக்கமும் சிதறவிடும். வீரர்கள் தரையிலிருந்து உயரத்தில், முதுகோடு முதுகு வைத்து அமர்வார்கள். நிறவெறி அரசின் கீழிருந்த தென்னாபிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதை ஐ.நா. பாதுகாப்புச் சபை 1977இல் தடை செய்திருந்தது. அந்த நாட்டிடமிருந்து ஆயுதம் வாங்க வேண்டாமென்று 1984 டிசம்பரில் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இருந்தும் பஃபல் இலங்கைக்கு வந்தது. பின்னர் அதைப் பின்பற்றி யுனிகோர்ன், யுனிபஃபல் என்னும் வண்டிகளை இலங்கை இராணுவப் பொறியியலாளர்களே கட்டினார்கள்.

வடகிழக்குத் தமிழர் இவை எல்லாவற்றையும் 'பவல்' என்றே அழைத்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்குக் கவசம் என்றால் நினைவுக்கு வருவது டாங்கியன்று, பவல்தான். செங்கலடிச் சந்தியில் கரையோரப் பெருவீதியோடு பதுளை வீதி வந்து சேர்கிறது. பேராதனையிலிருந்து பதுளை வழியாக வரும் ஏ5 பெருவீதியின் முடிவிடமும் அதுவே. மலைநாட்டையும் கிழக்குக் கரையையும் இணைக்கும் இத்தகைய சந்தியில் சோதனைச் சாவடியும் ரோந்தும் சுற்றிவளைப்பும் அன்றாடமாக இருந்ததில் வியப்பில்லை. வீதியைக் கையில் வைத்திருப்பவரே மாவட்டத்தின் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்தார்.

இலங்கை மண்ணில் போருக்கென்று முதலில் உருண்ட யுத்த டாங்கிகள் இலங்கையுடையவையல்ல. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தை விடுதலைப் புலிகளிடமிருந்து கைப்பற்ற இறங்கியபோது ரி-72 டாங்கிகளைக் கொண்டுவந்தது. இந்தியா சோவியத் ஒன்றியத்திடமிருந்து 1970களின் இறுதியிலிருந்து வாங்கிய வகை அது. பின்னர் சென்னையை அடுத்த ஆவடித் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டது. பிரித்தானிய விக்கர்ஸ் வடிவமைப்பிலான விஜயந்தா டாங்கியை 1965இலிருந்து கட்டிய அனுபவம் ஆவடிக்கு முன்பே இருந்தது. வெளிநாட்டு டாங்கியை வாங்கும் நாடு அதைக் கட்டும் அறிவையும் சேர்த்து வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆவடி ஓர் எடுத்துக்காட்டு. இலங்கை அந்த வழியில் போகவில்லை. டாங்கியைப் பொறுத்தவரை போகக்கூடிய தொழில் அடித்தளமும் அதற்கு இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளும் மதில்களும் இந்திய டாங்கிகளுக்கும் இலகுவாக இருக்கவில்லை. கொக்குவில் பகுதியில் சிக்கிய இந்தியக் கொமாண்டோக்களை மீட்க டாங்கிகள் ரயில் பாதை வழியே போக வேண்டியிருந்தது.

அமைதிப்படை 1990 மார்ச்சில் வெளியேறியது. அதே ஆண்டு ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது, கிழக்கில்தான் தொடங்கியது. மாகாணமெங்கும் பொலிஸ் நிலையங்கள் முற்றுகையிடப்பட்டன. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். பின்னர் இராணுவம் திரும்பி வந்தபோது பொதுமக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது. செங்கலடிக்கு அண்டையிலுள்ள வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் அகதிகளாகத் தங்கியிருந்தார்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி அந்த முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. இதற்கு டாங்கி எதுவும் தேவைப்படவில்லை. ஆயுதக் கொள்வனவின் வரலாற்றைக் கருவிகளின் பட்டியலாக மட்டும் எழுதினால் விடுபட்டுப்போவது இதுதான். கிழக்கின் இழப்பில் ஒரு பெரும் பகுதி டாங்கிகள் வருவதற்கு முன்பே நேர்ந்துவிட்டது.

டாங்கியின் தேவை வடக்கில் எழுந்தது. 1990இல் யாழ்ப்பாணக் கோட்டை மாதக்கணக்காக முற்றுகையிடப்பட்டு, செப்டெம்பரில் கைவிடப்பட்டது. தனித்துப்போன முகாம்களை மீட்கத் திறந்த வெளியைக் கடந்து போக வேண்டியிருந்தது. சலடினின் மெல்லிய கவசம் அதற்கு உதவாது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைப் புலிகள் தாக்கியபோது புல்டோசருக்கு இரும்புத் தகடு பொருத்திக் கவச வண்டியாக்கி முன்னே ஓட்டினார்கள். உப்பளமும் மணல்வெளியுமான அந்த நிலத்தில் கனமான கவசத்துக்கு இரு தரப்பும் எவ்வளவு மதிப்பு வைத்திருந்தன என்பதை அந்த ஒரு வண்டியே காட்டிவிட்டது.

வாங்குவதற்கு இடம் தேடுவது எளிதாக இருக்கவில்லை. மனித உரிமை நிலைமையைக் காரணங்காட்டி மேற்கு நாடுகள் பல கனரக ஆயுதம் விற்கத் தயங்கின. அயலில் இந்தியாவின் உணர்வையும் பொருட்படுத்த வேண்டியிருந்தது. சீனா பல வகைக் கவச வண்டிகளையும் பீரங்கிகளையும் கொடுத்தது. டாங்கிக்கான கதவைத் திறந்தது பனிப்போரின் முடிவு.

1989 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ ஆட்சி விழுந்தது. புதிய ஆட்சியின் வெளிநாட்டமைச்சர் யிர்ஷி டீன்ஸ்ட்பியர் 1990 ஜனவரியில், தம் நாடு ஆயுத வியாபாரத்தை விட்டுவிடும் என்று அறிவித்தார். ஜனாதிபதி வாக்லாவ் ஹாவெலின் அறநோக்குக்கு ஒத்த வாக்குறுதி அது. ஆனால் நாட்டின் கனரக ஆயுதத் தொழில் பெரும்பாலும் ஸ்லோவாக்கியப் பகுதியில், வாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குவிந்திருந்தது. அங்குள்ள மார்ட்டின் நகரத் தொழிற்சாலையில் ரி-54, ரி-55, பின்னர் ரி-72 டாங்கிகள் பல்லாயிரம் தொழிலாளரின் உழைப்பில் கட்டப்பட்டிருந்தன. கட்டளைகள் நின்றால் ஊர்களே வேலையிழக்கும் நிலை. ஸ்லோவாக்கிய அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள், வாக்குறுதி தளர்ந்தது. சிரியாவுக்கு ரி-72 டாங்கிகள் விற்கும் ஒப்பந்தம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. இலங்கைக்குச் சென்ற ரி-55கள் அவ்வளவு பேச்சுக்கு இடமாகவில்லை.

இதே காலத்தில் இன்னொரு நெருக்குதலும் இருந்தது. 1990 நவம்பர் 19ஆம் திகதி பாரிஸில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டின் டாங்கிகளுக்கும் உச்சவரம்பு வைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அனுமதிக்கப்பட்டவை 1,435. கையிருப்போ அதைவிட மிக அதிகம். 1993இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது இந்த எண்ணிக்கை செக் குடியரசுக்கு 957, ஸ்லோவாக்கியாவுக்கு 478 என்று பங்கிடப்பட்டது. மிகையான டாங்கியை வெட்டி இரும்பாக்கச் செலவாகும். விற்றால் வெளிநாட்டுச் செலாவணி வரும். ஐரோப்பாவில் சமாதானத்தை உறுதிசெய்ய எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் காலத்திலேயே பழைய ஆயுதங்கள் ஆசியாவின் போர்களை நோக்கிக் கப்பலேறின. அந்தப் பாரிஸ் மேசையில் இந்தப் போர்களில் அகப்பட்ட மக்களுக்காகப் பேச எவரும் இருக்கவில்லை.

ரி-55 அப்போதே வயதான வடிவமைப்பு. 1958இல் சோவியத் ஒன்றியம் அறிமுகப்படுத்திய அந்த டாங்கி சுமார் 36 தொன் எடை கொண்டது. 580 குதிரைவலு டீசல் இயந்திரம். தட்டையான கோப்பை போன்ற சுழல்கூடு. அதில் 100 மில்லிமீற்றர் பீரங்கி. உள்ளே நால்வர் அமர்வார்கள்: கட்டளை அதிகாரி, சுடுநர், குண்டேற்றுபவர், சாரதி. 43 பீரங்கிக் குண்டுகளை ஏற்றலாம். உட்புறம் மிகவும் நெருக்கமானது. இலங்கையின் வெயிலில் உள்ளிருப்பவர்களுக்குக் கடும் சோதனை. 1991இன் வளைகுடாப் போரில் ஈராக்கின் ரி-55கள் மேற்கு நாடுகளின் டாங்கிகள் முன் கூட்டங்கூட்டமாக எரிந்தன. ஆனால் எதிரில் டாங்கியே இல்லாத போருக்கு அது வேறு பொருள் தந்தது. பதுங்குகுழியை நேராகச் சுட்டுத் தகர்க்கவும், முன்னேறும் காலாட்படைக்கு மறைப்பாகவும் அது பயன்பட்டது.

அதன் பலவீனங்களும் விரைவில் தெரிந்தன. 1993 நவம்பர் 11ஆம் திகதி பூநகரி முகாமை விடுதலைப் புலிகள் தாக்கியபோது டாங்கியும் அவர்கள் கைக்குப் போனது. செக்கோஸ்லோவாக்கியா இலங்கை அரசுக்கு விற்ற டாங்கி புலிகளின் ஆயுதமாக மாற இரண்டாண்டே எடுத்தது. 1997 மே மாதம் வன்னியில் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் காட்டோர வீதிகளில் முன்னேறிய டாங்கிகள் ஆர்பிஜி உந்துகணைகளுக்கு இலக்காயின. அகன்ற வெளியில் வேகமாக நகர்வதற்கென்று கட்டப்பட்ட டாங்கியை ஒற்றை வீதியில் வரிசையாக ஓட்டினால் அதன் பக்கங்களும் பின்புறமும் திறந்தே கிடக்கும்.

இங்குதான் கிழக்கின் நிலம் தன் வேறுபாட்டைக் காட்டுகிறது. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. செங்கலடியை விட்டு உள்ளே போனால் வயல்வெளி, குளங்கள், ஆற்றுக் கிளைகள், தாம்போதிகள், பிறகு பற்றைக்காடு. கார்த்திகை மார்கழி மழையில் வீதிகளே வெள்ளத்தில் மூழ்கும். 36 தொன் எடையைச் சேற்று வயலும் பழைய பாலமும் தாங்குமா என்பது எந்தப் படை அதிகாரிக்கும் எழக்கூடிய கேள்வி. டாங்கிகளின் பெரிய சண்டைகள் எல்லாம் வடக்கே நடந்ததற்கு நிலமும் ஒரு காரணம். கிழக்கில் போரை நடத்தியவை காலாட்படை, கொமாண்டோ அணிகள், பவல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூரத்திலிருந்து வந்த எறிகணைகள்.

2000 ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு வீழ்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்த படைகள் அனைத்தும் ஆபத்தில் சிக்கின. அரசு நாட்டைப் போர் நிலைக்குக் கொண்டுவந்து, கிடைத்த இடமெல்லாம் ஆயுதம் வாங்கியது. இஸ்ரேலோடு ராஜதந்திர உறவு மீட்கப்பட்டது. உக்ரைனிலிருந்து மிக்-27 விமானங்கள் வந்தன. செக் நாட்டின் பக்கம் இரண்டாவது முறையாகத் திரும்பியபோது ரி-55இன் மேம்பட்ட வடிவமான ரி-55ஏஎம்2 கிடைத்தது. சுழல்கூட்டின் முகத்தில் கூடுதல் கவசமும், லேசர் கொண்டு தூரம் அளக்கும் சுடுகட்டுப்பாட்டு அமைப்பும் அதில் இருந்தன. ஆனால் பொதுமக்களின் வாழ்வை அதிகம் மாற்றியது அதே அவசரத்தில் வந்த இன்னொரு பொருள்: செக்கோஸ்லோவாக்கியா காலத்தில் உருவாக்கப்பட்ட ஆர்எம்-70 பல்குழல் உந்துகணைச் செலுத்தி. கனரக டாட்ரா லொறியில் பூட்டிய 40 குழல்களிலிருந்து 122 மில்லிமீற்றர் உந்துகணைகள் சில வினாடிகளில் பாயும். தமிழ் மக்கள் அதை 'மல்ரிபரல்' என்றார்கள். ஒரு புள்ளியைக் குறிவைப்பதற்கன்றி, ஒரு பரப்பையே மூடுவதற்காகச் செய்யப்பட்ட ஆயுதம் அது. வயலும் வீடும் பள்ளிக்கூடமும் கலந்து கிடக்கும் நிலத்தில் அத்தகைய ஆயுதத்தை மக்களுக்குத் தீங்கின்றிப் பயன்படுத்த முடியாது.

2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் பதுளை வீதியில் கறுத்தப்பாலம் இரு ஆட்சிகளுக்கிடையிலான வாயிலாக இருந்தது. செங்கலடிப் பக்கம் அரசின் கையில். பாலத்துக்கு அப்பால் கரடியனாறு, புல்லுமலை நோக்கிய பகுதி புலிகளின் கையில். விறகும் பாலும் நெல்லும் அந்தப் பாலத்தைக் கடந்தே சந்தைக்கு வந்தன. 2006 ஜூலையில் மாவிலாறில் தொடங்கிய போர் அந்த ஏற்பாட்டை முடித்தது. நவம்பர் 8ஆம் திகதி மாவட்டத்தின் வட முனையிலுள்ள கதிரவெளியில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்து 40க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரை, மார்ச்சில் படுவான்கரை, ஏப்ரலில் பதுளை வீதி என்று இராணுவம் முன்னேறி, ஜூலை 11ஆம் திகதி குடும்பிமலையைக் கைப்பற்றியது. வாவிக்கு இப்பாலிருந்து அப்பால் போன எறிகணைகளின் கீழ் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளைவிட்டு ஓடினார்கள்.

டாங்கியை ஒரு முறை வாங்கலாம். குண்டை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தொடர் கொள்வனவில்தான் பணமும் இடைத்தரகும் அதிகம். 1997இல் சிம்பாப்வே அரசின் ஆயுத நிறுவனத்திடம் இலங்கை வாங்கிய 32,400 மோட்டார் குண்டுகள், 81 மில்லிமீற்றர் வகை, மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் ஸ்டில்லஸ் லிமசோல் என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. கொழும்புக்கு அந்தக் கப்பல் வரவில்லை. குண்டுகள் புலிகளிடம் போய்ச் சேர்ந்தன. அரசின் பணத்தில் வாங்கப்பட்டவை அரசின் படைகள் மீதே விழுந்தன. வீரர்களாக இருந்தவர்களும் ஊர் இளைஞர்களே. தவறிப்போன அந்தக் கொள்வனவின் விலையை அவர்கள் உயிரால் கொடுத்தார்கள்.

குண்டுகள் போரோடு தீர்ந்துபோவதுமில்லை. 2016 ஜூன் 5ஆம் திகதி கொஸ்கமவுக்கு அருகே சாலாவ இராணுவ முகாமின் களஞ்சியம் வெடித்துச் சுற்றுவட்டார வீடுகள் சிதைந்தன. செங்கலடிப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் நேர்ந்த இன்னொரு வெடிப்புக்குக் காரணம் போர்க்குண்டன்று, டைனமைட். பதுளை வீதியைப் புதுப்பிக்கும் வேலைக்காகச் சீன நிறுவனமொன்று கொண்டுவந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் கரடியனாறு பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி அவை வெடித்ததில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், இருவர் சீனர். வெடிபொருளை மனிதர் நடமாடும் இடத்தில் வைப்பதைப் போர் ஒரு சாதாரண விடயமாக்கிவிட்டிருந்தது. வயல்களிலும் காடுகளிலும் புதைந்த கண்ணிவெடிகளை அகற்றும் பணி நீண்டு, 2017இல்தான் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அபாயம் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது.

விற்ற நாட்டின் நிலைமை இதற்கிடையே தலைகீழானது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின் செக் குடியரசு தன் ரி-72 டாங்கிகளை உக்ரைனுக்கு அனுப்பியது. ஈடாக ஜேர்மனியிடமிருந்து 14 லெப்பர்ட் 2ஏ4 டாங்கிகளைப் பெற்றது. பின்னர் லெப்பர்ட் 2 வரிசையின் புதிய டாங்கிகளை வாங்கவும் தீர்மானித்தது. 2024 பெப்ரவரியில் ஜனாதிபதி பெட்ர் பவெல், உக்ரைனுக்காக ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளிலிருந்து 8 இலட்சம் பீரங்கிக் குண்டுகளைத் திரட்டலாம் என்று மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் அறிவித்தார். மிகையான ஆயுதத்தை எங்கே தள்ளுவது என்று தேடிய நாடு, முப்பது ஆண்டுகளில் உலகமெங்கும் குண்டு தேடும் நாடாகியது. ரி-55உம் போருக்குத் திரும்பியது: ஸ்லோவேனியா தான் மேம்படுத்தி வைத்திருந்த எம்-55எஸ் வகையில் 28ஐ உக்ரைனுக்குக் கொடுத்தது, ரஷ்யாவும் களஞ்சியத்திலிருந்த பழையவற்றை வெளியே எடுத்தது.

இலங்கை கவசப் படையணியின் டாங்கிகளில் ரி-55 இன்னும் இருக்கிறது. அவற்றுக்குப் பதிலாகப் புதியவை வாங்கும் நிலையில் நாடு இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசே அறிவித்தது. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு, இரண்டு இலட்சமாக இருந்த இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கத் திட்டமிட்டிருப்பதாகத் தெரிவித்தது.